ட்ரெய்லரின் மூக்குப் பாரம்

மவுண்ட்ரிட்ஜ், கான்சாஸ்
17 மே 1979

எல்டன்,

நீங்கள் கிளம்பி ஐந்து நாளாகிறது. டெக்சாஸ் போய்ச் சேர்ந்ததை நீ சொல்லவில்லை, தபால் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். தொலைபேசியில் கூப்பிடலாம்தான். அதில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நான்கு சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன். வெர்னன் ஊர்த் தபால் ஆபீசில் உன் பெயருக்கு வைத்திருக்கச் சொல்லி அனுப்புகிறேன். முழுதும் படி.

முப்பத்தொரு வருஷமாக, கோதுமை பழுக்கிற வழியே டெக்சாஸிலிருந்து மொன்டானா வரை உங்கள் பின்னால் வந்து சமைத்துப் போட்டவள் நான். அந்தச் சமையல் ட்ரெய்லரை என் பிக்கப்பில் பூட்டி நானே ஓட்டி வந்தேன். இந்த வருஷம்தான் முதல் தடவையாக, அறுப்பு மெஷின்களும் லாரிகளும் வரிசையாகப் போனதை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தேன். நம் ஆள் வர்ஜில் கையசைத்தான். நீ அசைக்கவில்லை.

போன ஆகஸ்டில் நெப்ராஸ்கா இறக்கத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது, பிறகு என் பிக்கப்பையே இப்படியும் அப்படியும் இழுத்தது, கடைசியில் சோளக்காட்டு ஓரப் பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முட்டைகள் போயின, இரண்டு ஜாடி பீச் பழம் போயிற்று, ஆளுக்கு ஒன்றுமில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ ஓடி வந்தாய். முதலில் என்னிடம் வரவில்லை, ட்ரெய்லரின் பின்பக்கம் போனாய். டயர் பார்க்கப் போனேன் என்று சொன்னாய். பிறகு நம் ஆட்கள் ஐந்து பேர் பக்கம் திரும்பி, “அக்காவுக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே அவ கையில ட்ரெய்லரக் குடுக்கக் கூடாது” என்றாய்.

என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். அவர்களிடம் சொன்னாய்.

எனக்கு வயது அறுபத்தாறு. கண் சரியாக இருக்கிறது, கை சரியாக இருக்கிறது. ட்ரெய்லர் ஆடியதற்குக் காரணம் நான் இல்லை, அதைப் பூட்டியிருந்த விதம் என்று என் மனது சொல்கிறது. அதைக் கண்டுபிடித்து, ட்ரெய்லரைப் பிக்கப்போடு பூட்டுகிற ஹிட்ச்சைச் சரியானதாகப் போட்டு, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். ஓக்லஹோமாவில் எந்த ஊரில் நிற்பீர்கள் என்று மட்டும் எழுது.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்,
அல்வினா

-

வெர்னன், டெக்சாஸ்
23 மே

அக்கா,

கடிதம் வந்தது. சொன்னபடி முழுதும் படித்தேன். இரண்டு தடவை.

இங்கே இரண்டு நாளாக மழை. வயல் ஈரம், மெஷின்கள் சும்மா நிற்கின்றன, ஆறு பேரும் நெடுஞ்சாலைக் கடையில் உட்கார்ந்து ஹாம்பர்கர் தின்கிறோம். நேற்றும் அதுதான். வர்ஜில் அந்த ரொட்டியைக் கையில் தட்டிப் பார்த்துவிட்டு, “இத லாரி டயருக்கு ஒட்டுப் போடலாம், பஞ்சரே ஆகாது” என்றான். பரிமாறுகிற பெண் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து எங்களுக்குக் காபி கடைசியில்தான் வருகிறது.

ட்ரெய்லர் விஷயம். நம் அப்பா காலத்திலிருந்து பிக்கப் பம்பரில் போல்ட் போட்ட இரும்புக் குண்டில்தான் ட்ரெய்லரின் மூக்கை மாட்டி இழுக்கிறோம். அதில் குற்றமில்லை. நீ எதையும் வாங்காதே. ஜூன் கடைசியில் நம் ஊர் வயல் அறுக்க வரும்போது ட்ரெய்லரை நானே எடுத்துக்கொள்கிறேன். நெப்ராஸ்காவிலிருந்து மேலே சமையலுக்கு ஓர் ஆளும் பேசி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

தண்டனை என்று நினைக்காதே. ஓய்வு என்று நினை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது.

அந்த நாளைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் அக்கா. யாருக்கும் அடிபடவில்லை. போதும்.

எல்டன்

-

மவுண்ட்ரிட்ஜ்
28 மே

எல்டன்,

ஓய்வு என்றால் என்ன என்று செத்த பிறகு பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்தில் வெங்காயம் நட்டாயிற்று, அது என் உதவி இல்லாமலே வளரும்.

முதலில் நியூட்டனில் ட்ரெய்லர் விற்கிற கடைக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வந்தான். “ஓட்டப்போறது யாரும்மா, வீட்டுக்காரரா?” என்று கேட்டான். “அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு தம்பி. அவர்தான் ஓட்டணும்னா ஏற்பாடு நீங்கதான் பண்ணணும்” என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினான். ஆனால் அவன் காட்டியது, பிக்கப்பின் பின்தட்டு நடுவே பூட்டுகிற பெரிய வகை. அதற்கு வேறு ட்ரெய்லர் வேண்டும். அதோடு என் பிக்கப் தட்டில் உங்கள் மெஷின்களுக்கு டீசல் கொண்டுவருகிற தொட்டி இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் மடியிலா? கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது நம் ஆர்லோவின் வெல்டிங் பட்டறை. அவன் வீட்டுக்கே வந்து ட்ரெய்லரைப் பார்த்தான். முதலில் பிக்கப்பின் கீழே படுத்து எழுந்து, பம்பரைக் காலால் உதைத்தான்.

“அல்வினாக்கா, இந்தத் தகரத்துலயா இத்தன வருஷம் இழுத்தீங்க?”

“எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்.”

“உங்கப்பா இழுத்தது பதினாலு அடி ட்ரெய்லர். இது இருபத்துநாலு. அதுக்குள்ள நீங்க ஒரு ஓட்டலே வச்சிருக்கீங்க.”

அவன் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். ஹிட்ச் பம்பரில் இருக்கக் கூடாது, பிக்கப்பின் அடிச்சட்டத்தில் இருக்க வேண்டும். அது முதல் விஷயம். சட்டத்தில் வெறும் குண்டு மட்டும் போட்டால் ட்ரெய்லரின் மூக்கு அதன் மேல் உட்காரும், பிக்கப்பின் பின்பக்கம் தாழும், முன் சக்கரம் லேசாகிவிடும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அதற்குத்தான் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள். குண்டுக்குக் கீழேயிருந்து பின்னால் நீண்டு, ட்ரெய்லரின் சட்டத்தில் சங்கிலியால் இழுத்துக் கட்டப்படும். கட்டியதும் கம்பி வளைந்து பாரத்தை நெம்பி, ஒரு பங்கை முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கை ட்ரெய்லர் சக்கரத்துக்கும் அனுப்பிவிடும். வாலாட்டத்தை அடக்கப் பக்கவாட்டில் தனியாக ஓர் உராய்வுக் கம்பி. “ரெண்டும் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், பாரத்தப் பின்னால வச்சீங்கன்னா எந்தக் கம்பியும் காப்பாத்தாது” என்றான்.

போடச் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலம் முழுக்க ட்ரெய்லர் கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றது, பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஆர்லோ அதை வெளியே இழுத்ததும் என்னைக் கூப்பிட்டான். ட்ரெய்லரின் பின் பம்பர் நடுவில் ஒரு அங்குலம் கீழே வளைந்திருக்கிறது. அதில் புதிதாகத் துளைத்த இரண்டு ஓட்டைகள். “இங்க என்னக்கா தொங்கவிட்டீங்க?” என்றான். நான் அங்கே ஒரு துணிகூடக் காயப்போட்டதில்லை.

உனக்குத் தெரியுமா?

அல்வினா

-

ஃப்ரெடெரிக், ஓக்லஹோமா
2 ஜூன்

அக்கா,

டெக்சாஸ் வயல் முடிந்தது. நல்ல விளைச்சல். இங்கே நேற்று தொடங்கினோம். பதினொன்றாம் தேதி வாக்கில் கிங்ஃபிஷர் போவோம்.

ஸ்பிரிங் கம்பி போட்டது போட்டதாகவே இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஓட்ட வேண்டாம். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே கடையில் ஹாம்பர்கரோடு வறுத்த வெங்காயமும் தருகிறார்கள். அதுதான் இந்த வாரத்துச் செய்தி.

எல்டன்

-

மவுண்ட்ரிட்ஜ்
6 ஜூன்

எல்டன்,

ஓட்டையைப் பற்றிக் கேட்டால் வெங்காயத்தைப் பற்றி எழுதுகிறாய். சரி. நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். இது என் பங்கு. எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆர்லோ வேலையை முடித்ததும் ட்ரெய்லரை ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். இன்னும் கோதுமை வரவில்லை, மேடை காலியாக இருந்தது. பாத்திரம், மாவு மூட்டை, அடுப்பு எல்லாம் உள்ளே வைத்து நிறுத்தியதில் மொத்தம் ஐயாயிரத்து எண்ணூறு பவுண்டு. பிறகு சக்கரங்கள் வெளியே நிற்க, மூக்கைத் தாங்கும் கால் மட்டும் மேடையில் ஊன்றும்படி வைத்தோம். அறுநூற்று நாற்பது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டுமாம், பத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் கூடாதாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பத்தால் வகுக்க அதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சரியாக இருந்தது. “பாத்தியா, என் ட்ரெய்லர்ல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

ஆர்லோ கேட்டான்: “தண்ணித் தொட்டி எங்கக்கா இருக்கு?”

தொட்டி பின் படுக்கைக்கு அடியில் இருக்கிறது.

“வண்டிய எடுக்கறப்ப அது காலியாத்தான் இருக்கும்?”

உனக்குத் தெரியும், எந்த ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் காபிக்கு ஆகும் என்று நான் மனதில் பட்டியல் வைத்திருக்கிறேன். ஊர்க் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. அந்தத் தெற்கு டகோட்டாப் பண்ணைக் கிணறு மாதிரி தண்ணீர் எங்குமே கிடையாது. அதனால் போன ஆகஸ்டில் அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் நல்ல காபி குடிக்கலாம் என்று. நாற்பது காலன், எல்டன். யாரிடமும் சொல்லவில்லை.

எடைமேடையிலேயே தொட்டியை நிரப்பினோம். மூக்கு ஐநூறுக்கு இறங்கிவிட்டது. பின்னால் ஏற்றினால் முன்னால் குறையும், குழந்தைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை மாதிரி. ஒன்பது மாதமாக நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, என் கையால் பிடித்த தண்ணீர்தான்.

ஆர்லோ நல்லவன், சிரிக்கவில்லை. “ஐநூறுன்னா கொஞ்சம் ஆடும்க்கா, பள்ளத்துல தூக்கிப் போடாது. இன்னும் என்னமோ இருந்திருக்கு” என்றான். பிறகு அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

நான் என் பங்கை எழுதிவிட்டேன்.

மற்றது: தொட்டியைக் காலி செய்துவிட்டு ஹிட்ச்சைச் சரிபார்த்தோம். பிக்கப் தனியாக நிற்கையில் முன் சக்கர வளைவு தரையிலிருந்து முப்பத்துநாலு அங்குலம். என் தையல் நாடாவால் நானே அளந்தேன். வெறும் குண்டில் மாட்டியபோது ஒன்றரை அங்குலம் மேலே எழும்பியது, மாடு தலையைத் தூக்குகிற மாதிரி. சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்துக் கட்டினோம். ஐந்தாவது கண்ணியில் கிட்டத்தட்டப் பழையபடி வந்தது, முப்பத்துநாலுக்குக் கால் அங்குலம்தான் கூட. அந்தக் கண்ணிக்குச் சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்திருக்கிறேன், மறக்காமல் இருக்க. மருமகளிடம் வாங்கியது. “எதுக்கத்தை?” என்றாள், “சங்கிலிக்கு” என்றேன். இன்னும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

நேற்று 81-ஆம் சாலையில் மெக்ஃபெர்சன் வரை போய் வந்தேன், ஆர்லோ பக்கத்தில். பெரிய லாரிகள் உரசிக்கொண்டு போயின. முன்பெல்லாம் லாரி தாண்டும்போது ட்ரெய்லர் ஓரடி உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். நேற்று லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான்.

வரட்டுமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. ஓட்டையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அக்கா

-

ஃப்ரெடெரிக்
9 ஜூன்

அக்கா,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவதில் எழுதுகிறேன்.

அது நான்தான்.

அன்று காலை தெற்கு டகோட்டாவில் என் லாரியில் இடமில்லை. மெஷினுக்கான மாற்றுக் கத்திகள், சங்கிலிகள், பேரிங்குகள் எல்லாம் போட்ட இரும்புப் பெட்டி மிச்சமிருந்தது. முந்நூறு பவுண்டுக்குக் குறையாது. நீ பண்ணைக்காரம்மாவிடம் விடைபெறப் போயிருந்தாய். கிளம்பும் முன் மூன்று தடவை சுற்றிப் பார்ப்பவள் நீ, அதையும் முடித்துவிட்டுத்தான் போயிருந்தாய். பம்பரில் இரண்டு துளை போட்டுப் பெட்டியைப் பின்னால் மாட்டினேன். ஒரு நாள் ஓட்டம்தானே என்று நினைத்தேன். நீ இறங்கும் முன் கழற்றிவிடலாம், திட்டு வாங்க வேண்டாம் என்று. தொட்டி நிறைந்திருப்பது எனக்குத் தெரியாது, பெட்டி உனக்குத் தெரியாது.

பள்ளத்தில் நீ நின்றபோது நான் டயர் பார்க்கப் போகவில்லை. ஆட்கள் வந்து சேர்வதற்குள் போல்ட்டைக் கழற்றி, பெட்டியைச் சோளத்துக்குள் உருட்டிவிட்டேன். மாலையில் தனியாகத் திரும்பி வந்து ஒவ்வொரு கத்தியாகப் பொறுக்கி ஏற்றினேன். கை முழுக்கக் கீறல். அன்று ராத்திரி நீ அதைப் பார்த்து மருந்து தடவினாய். எப்படி ஆனது என்று கேட்டாய். முள்வேலி என்றேன்.

உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தபோது வந்த பயத்தில் வாயில் வந்தது அந்த வார்த்தை. ஒருமுறை சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை. வருஷம் முழுக்க அதையே உண்மை மாதிரி பிடித்துக்கொண்டேன். உனக்கு வயதாகிவிட்டது என்றால் எனக்குக் குற்றமில்லை பார்.

நீ தண்ணீரைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிங்ஃபிஷரில் தானியக் கிடங்குக்கு வடக்கே, பருத்தி மரங்கள் இருக்கிற காலி இடத்தில் நிற்போம். 81-ஆம் சாலை நேராக வருகிறது. விச்சிட்டாவைக் காலை ஆறு மணிக்கு முன் தாண்டிவிட்டால் நெரிசல் இருக்காது. சமையல் ஆளுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் ஹாம்பர்கர்தான்.

எல்டன்

-

மவுண்ட்ரிட்ஜ்
12 ஜூன்

எல்டன்,

படித்துவிட்டு அரை மணி நேரம் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தட்டை உடைத்தேன். விளிம்பு உடைந்த பழைய தட்டுதான். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. எழுந்து மாவு பிசைந்தேன், அதில் தீர்ந்தது. அதனால்தான் ஆறு டஜன் பன் வருகிறது.

நீ எழுதியது எனக்குப் போதும். ஆனால் சொன்னது ஐந்து பேர் முன்னால். அதே ஐந்து பேர் முன்னால், என் மேசையில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன், உன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். அது உனக்கு நான் தருகிற சலுகை.

வியாழக்கிழமை மதியத்துக்குள் வருவேன். தொட்டி காலி. மாவு மூட்டை சக்கரத்துக்கு மேலே. ஜாடிகள் முன்னால். பாலாடைக்கட்டி ஐஸ் பெட்டியில், பாலாடைக்கட்டி எதற்கென்று வர்ஜிலுக்குத் தெரியும்.

அக்கா

-

கிங்ஃபிஷர்
15 ஜூன், விடியற்காலை. காபிப் பாத்திரத்துக்கு அடியில்

அக்கா,

பனி காய்வதற்குள் கிழக்கு வயலில் மெஷின்களுக்கு எண்ணெய் போடப் போகிறோம். நீ தூங்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தியிருக்கிறேன்.

நேற்று மேசையில் நான் வாயைத் திறந்தபோது எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, ஏன் என்று உனக்குப் புரிந்திருக்காது. புதன்கிழமையே அவர்களிடம் சொல்லிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது என்று பயம். நேற்று சொன்னது இரண்டாவது தடவை. முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது, நீ என் பக்கம் திரும்பிப் பார்க்காவிட்டாலும். புதன்கிழமை நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஹாம்பர்கரைக் கீழே வைத்தார்கள். பிறகு வர்ஜில், “அப்ப இத்தன நாள் நாம ஹாம்பர்கர் தின்னது உங்களாலதானா?” என்றான். மற்ற நால்வரும் அதற்குத்தான் உண்மையாகக் கோபப்பட்டார்கள். நீ பாலாடைக்கட்டி அடைத்துச் செய்த வெரனிகே கொழுக்கட்டைத் தட்டு வந்த பிறகுதான் என்னை மன்னித்தார்கள். வர்ஜில் பதினேழு தின்றான், எண்ணினேன்.

இன்னொன்று. நீ வரும்போது நான் மெஷின் மேலே இருந்தேன். ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்தது. எதிரே கால்நடை லாரி ஒன்று வேகமாக வந்து உன்னைத் தாண்டியது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ட்ரெய்லர் அசையவில்லை. பிக்கப்பும் ட்ரெய்லரும் ஒரே பலகை மாதிரி வந்தன. உன்னிடம் நேற்று இதைச் சொல்லவில்லை.

கத்திப் பெட்டி என் லாரியில், முன்பக்கம், சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறேன். போய்ப் பார்த்துக்கொள்.

கடைசியாக: நேற்று நீ ருசித்துக் குடித்த காபி இரண்டு கோப்பையும் கிங்ஃபிஷர் ஊர்க் குழாய்த் தண்ணீர். நான்தான் பிடித்து வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை பார்.

எல்டன்

-

(அதே தாளின் பின்பக்கம், மதியச் சாப்பாட்டுக் கூடையில்)

எல்டன்,

ஐந்து பேருக்கும் பன், ஹாம், ஊறுகாய். உனக்குக் கூடுதலாக இரண்டு பன்.

பெட்டியைப் பார்த்தேன். சங்கிலி தொய்வாக இருக்கிறது, இன்னும் ஒரு கண்ணி இழு.

நம் ஊர் வயல் முடிந்து நெப்ராஸ்கா கிளம்பும்போது நான் முன்னால் போகிறேன். அந்த இறக்கத்தில் நீ என் பின்னால் வா, என் வேகத்துக்கு வா, பார்த்துக்கொண்டே வா.

குழாய்த் தண்ணீர் என்று முதல் வாயிலேயே தெரியும். அதனால்தான் மூன்றாவது கோப்பை கேட்கவில்லை.

அக்கா